வார்டிலிருந்து கோடிங்குக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 43. 19 வருடமாக நர்ஸ் வேலை. முதுகுவலியும் நைட் டூட்டியும் இனி தாங்காது. கோடிங் படித்து சாஃப்ட்வேர் வேலைக்குப் போக முடியுமா? கணக்கு பள்ளியோடு நின்றுவிட்டது.

பதில்: முடியும். ஆனால் மூன்று மாதத்தில் முடியாது. வாரம் 10 மணி நேரம் படிக்க முடிந்தால், முதல் வேலைக்கு ஒன்றரை வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாட்களில் இரண்டிரண்டு மணியாக மூன்று தடவை, பகல் ஷிப்ட் நாட்களில் ஒரு மணியாக நான்கு தடவை உட்கார்ந்தால் இந்த 10 மணி வந்துவிடும். நைட் டூட்டி முடிந்த காலையில் மட்டும் உட்காராதீர்கள். விட்டுப்போன ஓர் அடைப்புக்குறியைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும், மனமும் சோர்ந்துவிடும்.

கணக்கைப் பற்றிய பயம் வேண்டாம். டிரிப்பில் 1000 மி.லி. திரவம், 8 மணி நேரம், மி.லி.க்கு 20 துளி விழும் டிரிப் செட். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. இதை நீங்கள் கட்டிலருகே நின்றபடியே போடுகிறீர்கள். பெரும்பாலான சாஃப்ட்வேர் வேலைக்கு இந்த அளவு கணக்கு போதும்.

உங்கள் முதல் புரோகிராமும் இதுவாகவே இருக்கட்டும். எழுதி முடித்ததும் அதைக் கெடுத்துப் பாருங்கள். நேரத்தில் 0 போட்டால் வகுக்க முடியாமல் நின்றுவிடும். அளவில் மைனஸ் போட்டால் மைனஸ் துளி காட்டும். எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்தால் சரிந்துவிடும். இந்த மூன்றையும் தடுத்து, படிப்பவருக்குப் புரியும் பிழைச் செய்தி தரும்போதுதான் அது புரோகிராம் என்று சொல்லத் தக்கதாகிறது.

கேள்வி: எந்த மொழியில் தொடங்குவது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: பைத்தான். முதல் நான்கு மாதம் அது ஒன்று மட்டும். பாதியில் வேறு மொழிக்குத் தாவுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஒவ்வொரு தடவையும் முதல் அத்தியாயத்திலேயே நிற்பீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்து எழுதியதையெல்லாம் கிட் (Git) என்ற கருவியில் சேமித்துப் பழகுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு அது. நர்சிங் நோட்ஸ் எழுதிய கைக்கு இது புதிதல்ல.

ஐந்தாம் மாதம் எஸ்க்யூஎல், அதாவது அட்டவணைகளில் சேமித்த தரவைக் கேட்டு எடுக்கும் மொழி. மருத்துவத் தரவில் இதைத் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பது நர்ஸுக்கு உடனே உறைக்கும். நோயாளிகள் ஓர் அட்டவணை, அலர்ஜிகள் இன்னோர் அட்டவணை. இரண்டையும் இன்னர் ஜாயின் போட்டு இணைத்தால், அலர்ஜி பதிவே இல்லாத நோயாளி பட்டியலிலிருந்து காணாமல் போவார். லெஃப்ட் ஜாயின் போட்டால் அவர் இருப்பார், அலர்ஜி இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்துக்கு ‘அலர்ஜி இல்லை’ என்று பொருளா, ‘யாரும் கேட்கவில்லை’ என்று பொருளா? இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கும் ஆள் ஒரு குழுவுக்கு எவ்வளவு தேவை என்பதை நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள்.

அதன் பிறகு வெப் பக்கம் அமைப்பது. ஏஐ கருவிகளைப் பிழைச் செய்தியை விளக்கச் சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். முதல் நான்கு மாதம் ஒவ்வொரு வரியும் உங்கள் விரலிலிருந்தே வரட்டும். வீடியோ பார்த்து அப்படியே அடிப்பதும் படிப்பாகாது. வீடியோவை மூடிவிட்டு, வெற்றுத் திரையில் திரும்ப எழுத வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வேலை தேடும்போது காட்ட என்ன புராஜெக்ட் செய்யலாம்?

பதில்: எல்லோரும் செய்யும் செய்யவேண்டிய-வேலைப் பட்டியல் வேண்டாம். நியூஸ்2 மதிப்பெண் கணிக்கும் கருவி செய்யுங்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் அட்டவணை அது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா, சிஸ்டாலிக் (மேல்) ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, வெப்பநிலை என ஏழு விவரங்கள்.

பார்க்க எளிது, வழுக்கும் இடங்கள் நிறைய. மூச்சு 21 முதல் 24 வரை 2 மதிப்பெண், 25உம் அதற்கு மேலும் 3. ‘25க்கு மேல்’ என்று மட்டும் எழுதிவிட்டால், சரியாக 25 உள்ளவர் எந்தப் பிரிவிலும் சேராமல் விழுந்துவிடுவார். ஒரே விவரத்தில் 3 வந்தாலே அவசரமாகப் பார்க்க வேண்டியவர் அவர். ஆகவே 8, 9, 11, 12, 20, 21, 24, 25 என்று எல்லை எண்கள் ஒவ்வொன்றுக்கும் தனி டெஸ்ட் எழுதுங்கள். பதிவு செய்யாத வெப்பநிலையை 0 மதிப்பெண்ணாகக் கூட்டிவிடாதீர்கள். காலியாக இருந்தால் மொத்தமே காட்டாமல், எது விடுபட்டது என்று சொல்ல வேண்டும்.

ஆக்சிஜனுக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் மூச்சுக் கோளாறு இருப்பதால் 88 முதல் 92 சதவீதம் வரை இலக்கு வைத்தவர்களுக்கு இரண்டாவது அளவுகோல். அவர் ஆக்சிஜனில் இருக்கும்போது 97 காட்டினால் அதற்கு 3 மதிப்பெண். முதல் அளவுகோலில் அதே 97க்கு 0. எந்த அளவுகோல் என்பதைப் புரோகிராம் தானாக ஊகிக்கக் கூடாது, மருத்துவர் தேர்ந்தெடுக்கும்படி விடுங்கள். வார்டில் நின்றவர் இதை எழுதும் விதமே வேறாக இருக்கும்.

உண்மையான நோயாளியின் தரவைத் தொடவே வேண்டாம். பெயரை அழித்தாலும் வேண்டாம், தேதியும் நோயும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சிந்தியா என்ற இலவசக் கருவி கற்பனை நோயாளிகளை உருவாக்கித் தரும். அது ஃபயர் (FHIR) என்னும் தரத்திலும் தரவைக் கொடுக்கும். மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது. நாடித்துடிப்புக்கு 8867-4, சிஸ்டாலிக்குக்கு 8480-6, டயஸ்டாலிக்குக்கு (கீழ் ரத்த அழுத்தம்) 8462-4 என்று, ஒவ்வோர் அளவீட்டுக்கும் பொதுவாக வைத்த லாயின்க் (LOINC) குறியீடுகளை அதில் பார்ப்பீர்கள். இதைப் படிக்கத் தெரிந்த புதியவர்கள் குறைவு.

கேள்வி: இப்போதே ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் கரைகிற பயத்தில் படிப்பு ஏறாது. முடிந்தால் ஷிப்ட்டுகளைக் குறையுங்கள், ஆறு மாதச் செலவைச் சேர்த்துவையுங்கள், வேலை ஆணை எழுத்தில் கைக்கு வந்த பிறகு விலகுங்கள். அனுபவமுள்ள நர்ஸின் சம்பளத்தைவிடத் தொடக்கநிலை டெவலப்பரின் சம்பளம் குறைவாக இருக்கலாம். அதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். நர்சிங் பதிவையும் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். காலாவதியானால் திரும்பப் பெறுவது பெரும் அலைச்சல், அதோடு மருத்துவ மென்பொருள் நிறுவனங்களில் அந்தப் பதிவுக்கே மதிப்பு உண்டு.

கேள்வி: முயன்று பார்த்தேன், கோடிங் பிடிக்கவில்லை. இத்தனை மாதமும் வீணா?

பதில்: இல்லை. மருத்துவ மென்பொருளைச் சோதிப்பது, மருத்துவமனையில் நிறுவி ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது, தேவைகளைக் கேட்டு எழுதித் தருவது ஆகிய மூன்று வேலைகளுக்கும் நீங்கள் படித்த எஸ்க்யூஎல்லும் வார்டு அனுபவமும் நேரடியாக உதவும். இவற்றில் டெஸ்டிங் பணிக்கு முதலில் விண்ணப்பியுங்கள். இரவு 8 முதல் காலை 8 வரையான ஷிப்ட்டை ‘மைனஸ் 12 மணி’ என்று காட்டும் மென்பொருளை முதல் நாளிலேயே பிடித்துவிடுவீர்கள்.