சட்டம் கேளுங்கள்: எரிந்த வீடும் குறைத்துத் தரப்படும் இழப்பீடும்

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகே என் பெயரில் உள்ள பழைய ஓட்டு வீட்டில், ஓர் அதிகாலையில் ஃபிரிட்ஜின் பின்புறம் பற்றிய தீ, சமையலறையையும் அதன் மேல்கூரையையும் எரித்துவிட்டது. கட்டடத்துக்கு 20 லட்ச ரூபாய் மதிப்பில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி இருக்கிறது. பொறியாளரின் மதிப்பீட்டின்படி இழப்பு 7,80,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனமோ, மின்கசிவுக்குப் பாலிசியில் இடமில்லை, வீடும் பழையது என்று காரணம் சொல்லி, 2,65,000 ரூபாயை ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்துக் கேட்கிறது. தெரிந்த ஒருவர், வரும் தொகையில் 20 சதவீதம் கொடுத்தால் தமக்குத் தெரிந்த வக்கீல் முழுப் பணத்தையும் வாங்கித் தருவார் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வவுச்சரில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். 20 சதவீதம் கேட்பவரையும் நம்ப வேண்டாம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன; அந்த நிபந்தனையோடு ஒருவர் வருகிறார் என்றால், அவர் பின்னால் இருப்பவர் உண்மையிலேயே வழக்கறிஞர்தானா என்பதே சந்தேகத்துக்குரியது.

அடுத்து, மின்கசிவு. உங்கள் பாலிசியில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால், மின்கசிவு ஏற்பட்ட அந்த ஒரு கருவிக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அதே பத்தியில் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, ஃபிரிட்ஜின் விலையை அவர்கள் மறுக்கலாம். அதிலிருந்து கிளம்பிய தீயில் கருகிய உத்தரத்தையும் அலமாரியையும் மிக்ஸியையும் மறுக்க முடியாது. பாதி வாக்கியத்தைப் படித்துக் காட்டி மீதியை விட்டுவிடும் பழக்கம் இந்தத் துறையில் சற்று அதிகம். ‘வீடு பழையது’ என்பதற்கும் இதே போல, பாலிசியின் எந்த விதியின் கீழ் கழிவு போட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பாலிசி, கட்டடத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அடிப்படையாகக் கொண்டது. வீட்டுப் பொருள்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காவிட்டாலும், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை (உச்சவரம்பு 10 லட்சம்) தானாகவே பாதுகாப்பு உண்டு. உங்களுக்கு அது 4 லட்சம். இடிபாடுகளை அகற்றும் செலவையும் பொறியாளர் கட்டணத்தையும் வரம்புக்கு உட்பட்டுக் கேட்கலாம். பணமும் நகையும் இதில் சேராது.

இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயரின் அறிக்கை நகல் உங்களிடம் இல்லையென்றால், முதல் வேலை அதைக் கேட்டு வாங்குவதுதான். பழைய ஓட்டு வீடுகளில் சண்டை பெரும்பாலும் மரத்தில்தான் வருகிறது: தேக்கு உத்தரத்தைச் ‘சாதாரண மரம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அங்கேயே பெரிய தொகை குறைந்துவிடும். எரிந்த கட்டைகளை விறகுக்குத் தள்ளிவிடாமல் வையுங்கள். தச்சரைக் கொண்டு ஒவ்வொன்றின் நீளம், அகலம், கனம், மரத்தின் வகை ஆகியவற்றை எழுதி வாங்கி, அளவுநாடா தெரியும்படி புகைப்படமும் எடுங்கள். தீயணைப்பு நிலைய அறிக்கையையும் புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீதையும் அதனுடன் சேருங்கள். சர்வேயரின் மதிப்பீடே இறுதியானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருப்பதால், மறு ஆதாரம் காட்டினால் அதை மாற்ற முடியும்.

வவுச்சர் விஷயத்தில் பலர் தவறு செய்வதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனால், வற்புறுத்தலாலோ ஏமாற்றப்பட்டோ கையெழுத்திட்டோம் என்பதை நிரூபிக்கும் சுமை கையெழுத்திட்டவர் மேல்தான் விழும் என்பதே 1999-ஆம் ஆண்டு அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் தீர்ப்பின் சாரம். ஆகவே, கூரை போட அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், ‘இது பகுதித் தொகை, மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று வவுச்சரிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள், அதற்கு விடமாட்டார்கள் என்றால், அதே நாளில் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அந்த ஆட்சேபத்தை அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதும் ஆட்சேபத்துக்கு மதிப்பு குறைவு.

இனி, வக்கீல் தேவையா என்பது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார், உங்கள் சார்பில் வழக்கறிஞர் அங்கே ஆஜராக முடியாது என்பதால் அந்தச் செலவும் இல்லை. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அதில் திருப்தி இல்லையென்றால் வேறு வழி தேடலாம். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் வழக்கில் சிக்கலான சட்டக் கேள்வி எதுவும் இல்லை, பாலிசியின் வாசகத்தையும் மரத்தின் விலையையும் பற்றிய தகராறுதான் என்பதால், நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

அது பலிக்காவிட்டால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மாவட்ட, மாநில, தேசிய ஆணையங்களில் எதில் போடுவது என்பதைக் கட்டிய பிரீமியத் தொகையே தீர்மானிக்கிறது, இழப்பின் அளவு அன்று. காலக்கெடு இரண்டு ஆண்டுகள்; குறைதீர்ப்பாளரிடம் போனாலும் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இங்கே ஒரு வழக்கறிஞர் இருப்பது நல்லது. அதற்கும் நீங்கள் காசு தேட வேண்டியதில்லை: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் பாலிசி, சர்வேயர் அறிக்கை, நிறுவனத்தின் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களுடன் மனுக் கொடுங்கள். முதலில் தொலைபேசியில் விசாரிக்க 15100.

கேள்வி: தீயில் வீட்டுப் பத்திரமும் எரிந்துவிட்டது. பத்திரம் இல்லாமல் கிளைம் தர முடியாது என்கிறார்களே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் கிடைக்கும். அவற்றுடன், சொத்துவரி ரசீதையும் மின் இணைப்பு அட்டையின் நகலையும் கொடுங்கள். மூலப் பத்திரம் எரிந்த விவரத்தைக் காவல் நிலையப் புகாரில் ஒரு வரியாவது சேர்த்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் கூடுதல் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் தீப்பிடித்து எங்கள் பொருள்கள் எரிந்தன. வீட்டு உரிமையாளரின் பாலிசியில் எங்களுக்கும் இழப்பீடு உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. அது அவருடைய கட்டடத்துக்கும் அவருடைய பொருள்களுக்கும் எடுத்த பாலிசி. பழுதான வயரிங்கைச் சரிசெய்யும்படி நீங்கள் முன்பே எழுத்தில் கேட்டும் அவர் கவனிக்காமல் விட்டதால் தீப்பிடித்தது என்று காட்ட முடிந்தால், அவரிடமே இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள்.