வாசகர் கேள்வி பதில்: கவ்வாத்து வெட்டாத செடி

கேள்வி: கேரளாவில் பீர்மேடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். எனக்குப் பதினோரு வயதில் எஸ்டேட் மூடிப்போனது. பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தேன். ஊரில் சண்டே ஸ்கூல், வாலிபர் சங்கம், கிறிஸ்துமஸ் பஜனை என்று சர்ச்சிலேயே வளர்ந்தவன். இங்கே முதலில் ஓவர்டைம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். இப்போது பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெரிய பாவம் என்று ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை சம்பளம் வந்தால் கூட்டாளிகளோடு கொஞ்சம் குடிப்பேன். அம்மாவுக்குத் தாமதமாக வந்த கிராஜுவிட்டிப் பணத்தில் 40,000 ரூபாய் வாங்கினேன், இன்னும் திருப்பித் தரவில்லை. போன மாதம் என் மகள், "அப்பா, ஜெபம் சொல்லிக்கொடு" என்றாள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அன்று ராத்திரி பைபிளில் எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்று இருக்கிறது. எனக்கு இனி வழி உண்டா?
திருப்பூரிலிருந்து ஒரு சகோதரர்

பதில்: தம்பி, வழி உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாக வாசியுங்கள்.

உங்கள் ஊர் எனக்குத் தெரியும். வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்து, பீர்மேடு பக்கம் பல தோட்டங்கள் மூடின. அந்த வருடங்களில் என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் வாரத்துக்கு ஒரு பெயரையாவது அடிக்க வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைகளெல்லாம் கம்பம், தேனி, திருப்பூர் என்று போனார்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது, அப்படி அடித்த பெயர்களில் ஒன்று திரும்பி வந்து பேசுவது போல இருந்தது.

மூடின தோட்டத்தில் தேயிலைச் செடி என்ன ஆயிற்று என்று பார்த்திருப்பீர்கள். யாரும் அதைப் பிடுங்கவில்லை, தீ வைக்கவும் இல்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியின் உயரத்தைக் குறைத்து வெட்டுகிற கவ்வாத்து நின்றது, கொழுந்து எடுப்பதும் நின்றது, அவ்வளவுதான். இடுப்பளவு இருந்த செடி ஆள் உயரம் தாண்டி மரமாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் முன்பைவிடப் பச்சையாக, செழிப்பாகக்கூடத் தெரியும். பக்கத்தில் போனால் கைக்கு எட்டுகிற இடத்தில் கிள்ள ஒரு நல்ல கொழுந்து இருக்காது.

விசுவாசத்திலிருந்து பின்வாங்குதல் அப்படித்தான் வருகிறது. "நாம் கேட்டவைகளை விட்டு விலகாதபடிக்கு" என்று எபிரெயர் 2:1 எச்சரிக்கிறதே, அந்த இடத்தில் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு நழுவி ஓடிப்போவது, நீரோட்டத்தோடு போய்விடுவது என்று பொருள். முறித்துக்கொண்டு போகிறவன் தான் போவதை அறிவான். நழுவிப் போகிறவனுக்கு அது தெரியாது. தலைமயிர் சிரைக்கப்படாதவரை பலசாலியாக இருந்த சிம்சோனைப் பாருங்கள். தலைமயிர் போன பிறகும், எப்போதும்போல உதறிவிட்டு எழுந்து போவேன் என்றுதான் நினைத்தான். கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அவன் அறியவில்லை என்று நியாயாதிபதிகள் 16:20 சொல்கிறது. வேதத்தில் என்னை அதிகம் பயப்படுத்துகிற வசனங்களில் அது ஒன்று.

"பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதிய கையோடு அம்மாவின் 40,000 ரூபாயைச் சொல்லியிருக்கிறீர்கள். தேயிலைக்காட்டில் அட்டைக்கடி பட்டு, கூடையின் வார் நெற்றியை அழுத்த நின்று சம்பாதித்த பணம் அது. அதை நீங்கள் பாவக் கணக்கில் எழுதவே இல்லை. உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை, தம்பி. விசுவாசம் நழுவும்போது முதலில் மரத்துப்போவது இந்த உணர்வுதான் என்பதைக் காட்டவே சொல்கிறேன். குடியைவிட இதுதான் எனக்கு அதிகக் கவலை.

நானும் அந்த வழியில் போனவள்தான். 1998 ஜூன் மழையில் என் கணவர் இறந்தார். குழி வெட்டுவதற்கு முன்னால் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று சந்தா பாக்கியைக் கேட்டார். பதினான்கு மாதப் பாக்கி. என் அண்ணன் கட்டினார், ரசீது கிடைத்தது. அந்த ரசீதை ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தேன். சர்ச்சுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்காகப் போனேன், கீர்த்தனை பாடினேன், சண்டே ஸ்கூலில் பாடமும் எடுத்தேன். ஆனால் வீட்டில் ஜெபம் நின்றுபோயிற்று. வேதப்புத்தகம் அலமாரியில் ஏறிவிட்டது. சர்ச்சில் பொதுப் புத்தகத்தை வைத்துச் சமாளித்தேன்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் தொடாமல் வைத்த செருப்பும் பையும் பூசணம் பூக்கும். அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, மனப்பாட வசனம் பார்க்க என் மகள் அந்தப் புத்தகத்தை இறக்கினாள். கறுப்பு அட்டை முழுக்கப் பச்சையாக இருந்தது. "அம்மா, இது நம்ம பைபிளா?" என்று கேட்டாள். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் எனக்கு ஜெபம் வரவில்லை. பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. அவரிடம் போய்ச் சொன்னேன். "நான் ஜெபிக்கிறேன், டீச்சரம்மா ஆமென் மட்டும் சொல்லுங்க" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் வெறும் ஆமென்தான் சொன்னேன். அப்புறம் காலையில் அடுப்பு பற்ற வைக்கும்போது 51-ஆம் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்ற இடத்தில் பல நாள் நின்றுவிடுவேன். அந்தக் கமிட்டிக்காரரை மன்னிக்க இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அவர் கேட்டது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அவர்மேல் இருந்த கோபத்துக்கு நான் கர்த்தரோடு பேச்சை நிறுத்தியது என் தவறு.

சரி, எபிரெயர் 6. அந்த எச்சரிக்கையை நான் மழுங்கடிக்க மாட்டேன். ருசி பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, கிறிஸ்துவை வேண்டாம் என்று தள்ளி அவமானப்படுத்துகிறவர்களைப் பற்றி அது பேசுகிறது. நீங்கள் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று வசனம் தள்ளி, 9-ஆம் வசனத்தில், "பிரியமானவர்களே" என்று கூப்பிட்டு, உங்களிடத்தில் இதைவிட நன்மையானவைகள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார் அதை எழுதினவர். தள்ளிவிட்டவன் ராத்திரி விழித்திருந்து, எனக்கு வழி உண்டா என்று கேட்க மாட்டான். உங்களுக்கு வந்த பயம் நீங்கள் இன்னும் மரத்துப்போகவில்லை என்பதற்கு அடையாளம்.

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. 18-ஆம் அதிகாரத்தில் அதன் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டுதான் சீஷனாகிய பேதுரு, ஆண்டவர் இயேசுவைத் தெரியாது என்றான். 21-ஆம் அதிகாரத்தில் கடலோரத்தில் ஆண்டவரே கரிநெருப்புப் போட்டு, மீன் வைத்துக் காத்திருக்கிறார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் உண்டு. அந்தப் புகையின் வாசம் பேதுருவுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும்! ஆனாலும் ஆண்டவர் முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். "நீ என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருகிறது. மூன்று தரம் மறுதலித்தவனிடம் மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் வேலை கொடுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிறிஸ்துமஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிறே வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சபைக்குப் போய்ப் பின்வரிசையிலாவது உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் பத்து வருடக் கதையை ஒளிக்காமல் சொல்லுங்கள். இராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும்) எடுப்பதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்ததும் கூட்டாளிகளிடம் போகும் முன்னால் அம்மாவுக்குப் பணம் அனுப்புங்கள், 500 ரூபாயானாலும் சரி. பைபிளில் வரும் வரி வசூலிக்கிற சகேயு, ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பத் தருவேன் என்றான். உங்களிடம் அம்மா அசல் பணத்தையாவது எதிர்பார்க்கலாம் அல்லவா? குடி கையை மீறுகிறது என்று தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள், அதுவும் மனந்திரும்புதலில் சேர்ந்ததுதான்.

மகளுக்கு இன்றைக்கே, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தின் முதல் வரியைச் சொல்லிக்கொடுங்கள். வார்த்தை வராவிட்டால் அவளைச் சொல்லச் சொல்லி நீங்கள் ஆமென் சொல்லுங்கள்.

கவ்வாத்து வெட்டின மலையை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். வெறும் குச்சியாக, செத்ததுபோலக் கிடக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அதே கட்டையில் தளிர் வரும். முதல் சில வாரம் ஒன்றுமே தெரியாவிட்டால் பயந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகள் எர்ணாகுளத்தில் நர்ஸ். "சர்ச்சுக்குப் போகவில்லை, அதைப் பற்றிக் கேட்காதே" என்கிறாள். போன் பேசினாலே சண்டையில் முடிகிறது. நான் என்ன செய்ய?
குமுளியிலிருந்து ஒரு தாய்

பதில்: அக்கா, கொஞ்ச நாளைக்கு அவள் சொன்னபடியே கேட்காமல் இருங்கள். தவறினவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று கலாத்தியர் 6:1 சொல்கிறது. அதே கிரேக்கச் சொல்தான் மாற்கு 1:19-ல் யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்ற இடத்திலும் இருக்கிறது. கிழிந்த வலையை வெடுக்கென்று இழுத்தால் கிழிசல் பெரிதாகும். மடியில் போட்டு ஒவ்வொரு கண்ணாக முடிய வேண்டும்.

மாற்குவின் கதையையும் வாசியுங்கள். ஊழியப் பயணத்தில் பாதியிலே திரும்பிப் போனவன். அப்போஸ்தலனாகிய பவுல் அவனை மறுபடி கூட்டிப்போக மறுத்தார். பவுலின் உடன் ஊழியரான பர்னபா விடாமல் அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். பல வருடம் கழித்து, 2 தீமோத்தேயு 4-ல், தேமா என்ற கூட்டாளி தன்னை விட்டுப் போய்விட்டான் என்று எழுதின பவுல், அடுத்த வசனத்திலேயே மாற்குவைக் கூட்டிவா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நீங்கள் பர்னபாவாக இருங்கள்.

அவளுக்கு என்ன நேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? வார்டில் கண்ட மரணமா, சபையில் யாராவது சொன்ன வார்த்தையா? அவளாகச் சொல்லும்வரை காத்திருங்கள். சொல்லும்போது குறுக்கே வசனம் சொல்லாதீர்கள். உங்கள் ஜெபத்தை ராத்திரியில் கர்த்தரிடம் வைத்துக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி முடிந்து அவள் போன் பண்ணும்போது, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேளுங்கள். ஓணம் லீவுக்கு வந்தால் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.