ஒரு சண்டையும் போடாமலேயே பெயர் வாங்கிய போர்க்கப்பல் ஏதாவது உண்டா?

உண்டு. பிரிட்டனின் எச்.எம்.எஸ். வாரியர்.

1858-இல் பிரெஞ்சுக்காரர்கள் மரக்கப்பலுக்கு இரும்புச் சட்டை போட்டு 'லா குளுவார்' என்ற ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். மரக்கப்பல்களை நம்பியிருந்த பிரிட்டனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சரி, நாம் உடம்பையே இரும்பில் கட்டுவோம் என்று இறங்கினார்கள். பீரங்கிகள் நிற்கும் நடுப்பகுதிக்கு 4½ அங்குலத் தேனிரும்புக் (அடித்து உருவாக்கும் இரும்பு) கவசம். அதற்குப் பின்னால் ஒன்றரை அடி கனத்துக்குத் தேக்கு. இரும்பு குண்டைத் தடுக்கும், தேக்கு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

1860 டிசம்பர் 29, லண்டனில் தேம்ஸ் கரை. கடுங்குளிரில் சறுக்குத்தளத்தோடு உறைந்துபோய், வெள்ளோட்டத்தன்றே கப்பல் நகர மறுத்தது! இழுவைப் படகுகள் இழுத்தன. ஆட்கள் மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடி ஆட்டிவிட்டார்கள். ஒருவழியாக ஆற்றில் இறங்கியது.

எனக்குப் பிடித்த சங்கதி அதன் புரொப்பல்லர்தான். இருக்கிற நிலக்கரி நெடும்பயணத்துக்குக் காணாது, அதனால் மூன்று பாய்மரங்களும் உண்டு. பாய் விரித்துப் போகும்போது கீழே புரொப்பல்லர் கிடந்தால் தண்ணீர் பிடித்திழுக்கும். எனவே அதைக் கழற்றி மேலே தூக்கிவிடுவார்கள். எடை சுமார் 26 டன். கயிறு இழுக்க 600 பேர்! காற்றுக்குத் தடையாக இருக்கக் கூடாதென்று இரண்டு புகைபோக்கிகளையும் கீழே இறக்கிக்கொள்வார்கள். கப்பலில் இருந்ததே சுமார் 700 பேர். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பீரங்கிகளுக்கு இடையில் போட்ட மேஜைதான் சாப்பாட்டுக்கூடம். ராத்திரி அதற்கு மேலேயே தூளி கட்டித் தூங்க வேண்டும்.

நீராவியில் மட்டும் 14 நாட் (மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர்) வேகம். கவசத்தைத் துளைக்கவோ துரத்திப் பிடிக்கவோ வேறு கப்பல் அன்று இல்லை. அதனாலேயே யாரும் சண்டைக்கு வரவில்லை; எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அடிபட்டதெல்லாம் சொந்தக் கூட்டத்தில்தான்: 1868-இல் 'ராயல் ஓக்' என்ற தங்கள் கப்பலோடேயே மோதி, முன்முனைச் சிற்பத்தைப் பறிகொடுத்தது.

ஆனால் பத்தே வருஷத்தில் பழசாகிவிட்டது. 1871-இல் பாய்மரமே இல்லாத 'டெவஸ்டேஷன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வெள்ளோட்டம் கண்டது. 1883-இல் வாரியரை ஓரங்கட்டினார்கள். பிறகு கொஞ்சகாலம் டார்பீடோப் பள்ளியின் பகுதியாக இருந்தது. 1920-களில் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. 1929-இல் வேல்ஸின் பெம்புரோக் துறைக்கு இழுத்துப் போய் மிதக்கும் எண்ணெய்த் துறையாக்கினார்கள்; பிற்பாடு பெயரைக்கூடப் பிடுங்கி சி77 என்று எண் போட்டார்கள். அடுத்த ஐம்பது வருஷத்தில் சுமார் 5,000 கப்பல்கள் அதன் பக்கத்தில் நின்று எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. உடம்பு மட்டும் உளுத்துப்போகவில்லை. அங்கேதான் இரும்பு மரத்தை ஜெயித்தது என்பேன்.

1979-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய், மேல்தளத்தில் பூசியிருந்த கான்கிரீட்டை முதலில் பெயர்த்தெடுத்தார்கள். எட்டு வருஷ வேலைக்குப் பிறகு, 1987-இலிருந்து போர்ட்ஸ்மவுத்தில் நிற்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தச் சாப்பாட்டு மேஜைவரை போய்ப் பார்க்கலாம்.