கயிற்றில் தொங்கிய கதைகள்

கேள்வி: போர்த்துகீசிய மொழி இலக்கியத்தில் வாய்மொழிக் கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் 'கோர்டெல்' என்ற மெல்லிய பாட்டுப் புத்தகங்களைச் சந்தையில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள், அட்டையில் மரச்செதுக்குப் படம் இருக்கும், விற்பவரே ராகம் போட்டுப் பாடிக்காட்டுவார், எழுத்தறியாதவரும் வாங்கிப்போய் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தப் பாட்டுகளில் வந்த ஒரு கதை, நாய்க்கு லத்தீனில் இறுதிச்சடங்கு நடத்துவது. அதை பிரேசில் நாடகாசிரியர் அரியானோ சுவாசுனா தன் 1955 நாடகத்தில் அப்படியே மேடையேற்றினார்.

அடுத்த ஆண்டு வந்த, இன்னொரு பிரேசில் எழுத்தாளரான கிமராயிஸ் ரோசாவின் பெரிய நாவலைப் பாருங்கள். முன்பு ஆயுதம் ஏந்தித் திரிந்த ஒரு முதியவர், வந்த விருந்தாளியிடம் பேசிக்கொண்டே இருக்கிறார், விருந்தாளியின் குரல் நமக்குக் கேட்பதே இல்லை, முழு நாவலும் அந்த ஒற்றைப் பேச்சுதான். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

அப்புறம், போர்த்துகீசிய மொழியில் எழுதும் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக். அந்நாட்டு எழுத்தாளர் மியா கோட்டோவின் 1992 நாவலான 'டெர்ரா சொனாம்புலா'வில், உள்நாட்டுப் போருக்கு நடுவே, எரிந்துபோன பேருந்துக்குள் ஒரு சிறுவன் தனக்குக் கிடைத்த நோட்டுப் புத்தகங்களை ஒரு கிழவருக்கு உரக்க வாசிக்கிறான். எழுதியது மறுபடி குரலாகிவிடுகிறது. முதலில் இதைப் படியுங்கள்.