இசையின் இயற்பியல் வீட்டுப்பாடத்தை நண்பர்களோடு சேர்ந்து போட்டால் அது காப்பியா?

சேர்ந்தே போடுங்கள். ஆனால் ஒன்றாக உட்காரும் முன் ஒவ்வொருவரும் தனியாக முயன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுதுவார்கள், அதுதான் காப்பி.

ஒரு கணக்கு: ஒரு முனை மூடிய 25 செ.மீ. குழாயின் அடிப்படை அதிர்வெண், அதாவது அது எழுப்பும் மிகத் தாழ்ந்த ஒலியின் அதிர்வெண், என்ன? ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஒருவருக்கு 686 ஹெர்ட்ஸ் வருகிறது, இன்னொருவருக்கு 343. சரியாகப் பாதி! உடனே விடையைத் திருத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். இருவரும் அலையை வரைந்து காட்டுங்கள். மூடிய முனையில் காற்று முன்னும் பின்னும் அசைய முடியாது, திறந்த முனையில் நன்றாக அசையும். அப்படியானால் குழாய்க்குள் இருப்பது கால் அலை, அதாவது அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு. அலைநீளம் 1 மீட்டர், விடை 343. முதலாமவர் இருபுறமும் திறந்த குழாய்க்கான அரை அலையைப் போட்டிருக்கிறார்.

அப்புறம் அதே 25 செ.மீ. நீளமும் 2 செ.மீ. விட்டமும் உள்ள பிவிசி குழாயின் அடியை உள்ளங்கையால் அடைத்து, விளிம்பில் மெல்ல ஊதிப் பாருங்கள். மொபைலில் அதிர்வெண் காட்டும் டியூனர் செயலி 343-ஐவிடக் குறைவாகவே காட்டும். குழாயின் திறந்த வாய்க்கு வெளியேயும் காற்று கொஞ்சம் அசைவதால், குழாய் தன் ஆரத்தில் சுமார் 0.6 மடங்கு நீண்டதுபோல் ஆகிறது. கணக்குப்படி 335 அளவில் வரும். உதடு குழாயின் வாயை மறைத்தால் இன்னும் இறங்கும். இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கூடிப் பேசுவதில்தான் எனக்குப் பாடமே பிடித்துப்போனது.

விடைத்தாளை மட்டும் தனியாக எழுதுங்கள். கால் அலை ஏன் என்று சொந்தமாக ஒரு வரி வரவில்லையா, திரும்பப் போய்க் கேளுங்கள்.