மாதுளை ஓட்டில் புண்ணுக்கு மருந்து செய்யலாமா?

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கிறோம். மாதுளை ஓடும் சாத்துக்குடித் தோலுமாகத் தினம் இரண்டு சாக்கு சேர்கிறது. பழத்தோலை வைத்து, கிருமியைக் கொல்லும் வெள்ளி நானோ துகள் செய்யலாம் என்கிறாள் மைக்ரோபயாலஜி படிக்கும் என் மகள். வீட்டிலேயே செய்து, என் கணவர் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணுக்குப் போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மகள் சொல்வது உண்மைதான். தஞ்சாவூரில் வேதியியல் சொல்லிக்கொடுத்த நாளில் மாணவிகளோடு நானும் செய்திருக்கிறேன். மாதுளை ஓட்டைக் கழுவி, நிழலில் உலர்த்தி, கொதிக்கவைத்து வடித்துக்கொண்டோம். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 0.17 கிராம் சில்வர் நைட்ரேட் என்னும் வெள்ளி உப்பு. அந்தக் கரைசல் ஒன்பது பங்குக்கு ஓட்டுச்சாறு ஒரு பங்கு. வெளிர்மஞ்சளாக இருந்த குடுவை மெல்லப் பொன்னிறமாகி, கடைசியில் முதல் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து நின்றது. ஓட்டின் துவர்ப்புக்குக் காரணமான பாலிபீனால்கள் அந்த உப்பில் உள்ள வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோக வெள்ளியாக்குகின்றன. பிறகு வெள்ளித் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, துகள்கள் ஒன்றோடொன்று திரளாமலும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். நூறு நானோமீட்டருக்குள் அடங்கும் வெள்ளி, ஒளியை வேறு விதமாக வாங்குவதால்தான் அந்த நிறம்.

ஆனால் இதனால் உங்கள் சாக்கு காலியாகாது. ஒரு கைப்பிடி ஓடே தேவைக்கு மிஞ்சும். கிருமியைக் கொல்வது காசு கொடுத்து வாங்கும் வெள்ளி. தோல் அதற்குத் துணை, அவ்வளவுதான். சாக்குத் தோலை மட்கவைத்து வாழைக்கொல்லைக்குக் கொடுங்கள்.

சில்வர் நைட்ரேட் பட்ட இடம் கறுத்துவிடும். தேர்தல் மையில் இருப்பதும் அதுதான். மிச்சக் கரைசலை அரசலாற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. மீனுக்கும் நீரில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் வெள்ளி நஞ்சு.

சரி, புண்ணுக்கு வருவோம். ஆய்வகத்தில் கிருமி படர்ந்த தட்டில் வெள்ளிக் கரைசலில் நனைத்த வில்லையை வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத தெளிந்த வளையம் விழும். கால் அந்தத் தட்டு அல்ல. கிருமியின் சவ்வைக் கெடுக்கும் வெள்ளி, அளவு மீறினால் புண்ணை மூட வளரும் செல்களையும் கெடுக்கும். மருத்துவர்கள் போடும் வெள்ளிக் களிம்பும் கட்டுத்துணியும் அளவறிந்து, கிருமி நீக்கிச் செய்தவை. அவர் காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். நாளைக்குக் கடையைத் திறக்கும் முன் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள் அம்மா. தள்ளிப்போட்டால் விரலே போய்விடலாம்.

மகள் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கச் செய்து பார்க்கட்டும். வளையம் எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.