சிங்கள மருமகன் வரலாமா?

கேள்வி: என் மகள் தாதியாக வேலை செய்கிறாள். கந்தளாயைச் சேர்ந்த சிங்களப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். 83 கலவரத்தில் என் அப்பாவின் கடையை எரித்தார்கள். அது இன்னும் மனதில் கிடக்கிறது. இந்தக் கலியாணம் சட்டப்படி செல்லுமா? சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது?
- ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, சட்டத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் இனம் ஒரு தடையே இல்லை. இருவருக்கும் 18 வயது நிரம்பி, வேறு திருமணம் இல்லாமல், விலக்கப்பட்ட உறவுமுறையாகவும் இல்லாவிட்டால் சரி. மதம் மாறவும் தேவையில்லை. "அவன் சிங்களவன்" என்று யாராவது பதிவாளரிடம் ஆட்சேபித்தாலும் எடுபடாது.

அமெரிக்காவில் 1967இல் லவிங் வழக்கின் தீர்ப்பு வரும்வரை 16 மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் கட்டிக்கொள்ளச் சட்டமே விடவில்லை. தீர்ப்புக்கு அடுத்த வருடம் கேலப் கருத்துக்கணிப்பில் இப்படியான கலியாணத்தை ஆதரித்தவர்கள் 20 வீதம்தான். 2021இல் 94 வீதம். அங்கே சட்டம் முன்னால் போக, சனம் மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. நமக்குச் சட்டம் எப்போதோ வழிவிட்டாயிற்று, மனம்தான் வரவில்லை.

கடையை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. யாருக்குமே இல்லை. ஆனால் அந்தப் பொடியன் அப்போது பிறந்திருக்கவும் மாட்டான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடை எரிந்த கதையை நீங்களே சொல்லுங்கள். தமிழ் விளங்காவிட்டால் மகள் சிங்களத்தில் சொல்லட்டும். "அதெல்லாம் பழைய கதை, அம்மா" என்று தட்டிக்கழித்தானென்றால் நிச்சயமாக யோசியுங்கள். முழுக்கக் கேட்டு, தாத்தாவுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று விசாரித்தானென்றால், அவனை நம்பிப் பெண் கொடுக்கலாம் என்பேன்.

சனம் கதைக்கத்தான் செய்யும். பெற்ற தாயே ஒளிந்து நின்றால் இன்னும் கூடக் கதைக்கும். அதைவிட உங்கள் மகள் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு: குடியிருப்பது கந்தளாயிலா, திருகோணமலையிலா? பிள்ளை படிப்பது தமிழ் மொழிமூலமா, சிங்கள மொழிமூலமா? பிள்ளை பிறந்த பிறகு இதற்காகச் சண்டை பிடிக்கும் குடும்பங்கள் உண்டு. இருவரும் இப்போதே பேசி முடிவெடுக்கட்டும்.

பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்களும் பொடியனின் தாயும் கையெழுத்துப் போடலாமே. அந்த அம்மாவும் உங்களைப் போலவே பயந்துகொண்டு இருக்கக்கூடும். முதலில் அவரை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். கதைத்துப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.